தற்செயலாகப் போன சதுக்கம்

அந்தச் சதுக்கத்தைப் பார்ப்பதற்கு உலகம் முழுவதிலும் இருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று அக்காவைக் கட்டிய அத்தான் சொன்னார். என்னை அங்கே கூட்டிக்கொண்டு போனது நான் சதுக்கத்தைப் பார்ப்பதற்காக அல்ல. அங்கே வைத்து என்னை வேறு ஆட்கள் பார்ப்பதற்காக. அது எனக்குத் தெரியாது என்று எல்லோரும் வைத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

நான் மல்லாவியில் ஒரு அரைக்கும் மில் வைத்திருக்கிறேன். மிளகாய், மல்லி, மஞ்சள், வறுத்த கோப்பி, அரிசி எல்லாம் அரைத்துக் கொடுப்பேன். வெட்க சுபாவம் உள்ள ஆளுக்கு அதைவிட நல்ல தொழில் கிடையாது. இயந்திரம் ஓடும்போது யாரும் கதைக்க முடியாது. ஆட்கள் பையை நீட்டுவார்கள். நான் தலையை ஆட்டுவேன். அரைத்து முடிந்ததும் சூடான பையை நான் நீட்டுவேன். அவர்கள் தலையை ஆட்டுவார்கள். இப்படியே பழகியதால் எனக்கு ஒரு குறை வந்துவிட்டது. யார் எதைக் கேட்டாலும் என் தலை ஓம் என்றுதான் ஆடும். இல்லை என்று சொல்ல எனக்கு வராது.

கலியாண வயது எனக்கு யுத்தத்தில் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் தவறிப் போனது. உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிய சாமான்களோடு அதுவும் எங்கேயோ ஒரு பள்ளத்தில் விழுந்திருக்க வேண்டும். நான் அதைத் தேடிப் போகவில்லை. ஐரோப்பாவில் இருக்கும் அக்காதான் இன்னும் தேடிக்கொண்டிருந்தார்.

அக்கா என்னைச் சுற்றுலா விசாவில் கூப்பிட்டார். "கொஞ்ச நாள் நிண்டு எல்லாத்தையும் பாத்திட்டுப் போவன்" என்றார். என் தலை ஆடியது. மில்லைப் பூட்டித் திறப்பைப் பக்கத்துச் சைக்கிள் கடைக்காரரிடம் கொடுத்து, இடைக்கிடை இயந்திரத்தைச் சும்மா ஓடவிடச் சொல்லிவிட்டுப் போனேன். ஓடாமல் கிடந்தால் சில்லைச் சுற்றுகிற ரப்பர் பட்டி காய்ந்து வெடித்துவிடும். அக்கா வீட்டில் போய் இறங்கிய அன்றே அவர் என்னுடைய திரும்பிப் போகும் ரிக்கற்றை வாங்கி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். "துலைச்சுப் போடுவாய்" என்றார். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. அந்த ரிக்கற்றை நான் பாவிக்கக் கூடாது என்பதுதான் அவருடைய திட்டம். எனக்கோ இரவில் படுத்தால் அந்தப் பட்டிதான் கண்ணுக்குள் வந்து நின்றது.

எங்கள் ஊர்ப் பக்கம் பெண் பார்க்கிற வழக்கத்தைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மாப்பிள்ளை பகுதி நேரே வீட்டுக்கு வரமாட்டார்கள். முதலில் ஒரு கோயிலில் வைத்துப் பார்ப்பார்கள். பெண் பகுதி சாமி கும்பிடப் போவார்கள். மாப்பிள்ளை பகுதியும் தற்செயலாக அன்றைக்கே சாமி கும்பிட வருவார்கள். தூணடியில் நின்று பார்த்துவிட்டுத் திருநீறு பூசிக்கொண்டு போய்விடுவார்கள். பிடித்திருந்தால் பிறகு ஆள் வரும். பிடிக்காவிட்டால் ஒன்றுமே நடக்கவில்லை. எல்லோரும் சாமி கும்பிட வந்தவர்கள்தான். யாரும் யாரையும் வேண்டாம் என்று சொன்னதாக வராது. மிகவும் மரியாதையான ஏற்பாடு. என்னை ஒருமுறை வவுனியாவில் ஒரு கோயிலில் இப்படிப் பார்க்க வந்தார்கள். நான் வெட்கத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டேன். அவர்கள் வெகுநேரம் அந்தத் தூணைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

அக்கா இருக்கும் இடத்திலும் எங்கள் கோயில் ஒன்று உண்டு. ஒரு பழைய களஞ்சியத்தை வாடகைக்கு எடுத்து நடத்துகிறார்கள். ஆனால் அங்கே வைத்துப் பார்த்தால் பூசை முடிவதற்குள் கதை நாடு முழுவதும் போய்விடும். ஆகவே தமிழ் ஆட்கள் வராத இடமாகப் பார்த்தார்கள். புகையிரதத்தில் போய் இறங்குகிற ஒரு பழைய நகரம். அதன் நடுவில் சதுக்கம். சதுக்கத்தில் ஒரு கோபுரம். கோபுரத்தில் ஒரு மணிக்கூடு. நடுமதியத்தில் மணி அடிக்கும்போது அதற்குள்ளிருந்து பொம்மைகள் வெளியே வந்து சுற்றிவிட்டு உள்ளே போகும். எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கும்போது தற்செயலாகச் சந்திப்பது என்று ஏற்பாடு.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அக்கா குசினிக்குள் நின்று ஸ்பீக்கரில் போட்டுத்தான் கலியாணத் தரகரோடு தொலைபேசியில் கதைப்பார். நான் அதே குசினிக்குள் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பேன். எனக்குக் கேட்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். மாப்பிள்ளை ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்கிறார், விசா கிடைக்கும்போது தலை நரைத்துவிட்டது, தங்கையோடு இருக்கிறார், சாதகம் பொருந்துகிறது, கறுப்புக் கோட்டும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு வருவார். இவ்வளவும் வெங்காயத்தோடு சேர்ந்து எனக்குத் தெரிந்துவிட்டது.

போகும் நாள் விடியவே அக்கா என்னை எழுப்பிச் சீப்பால் தலை இழுத்துவிட்டார்.

"எங்கை அக்கா போறம்?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்தால் எனக்குத் தெரியும் என்றாகிவிடும்.

"சும்மா ஊர் பாக்க" என்றார் அக்கா. "இந்தக் கூறைச்சீலை மாதிரிக் கிடக்கிறதை உடு."

"ஊர் பாக்கவோ?"

"ஊர் பாக்கிறதெண்டால் வடிவா வெளிக்கிட்டுத்தான் பாக்கோணும். இஞ்சை எல்லாரும் அப்பிடித்தான்."

அத்தான் சாரத்தோடு வந்து எட்டிப் பார்த்தார். "ராகு காலத்துக்கு முதல் வெளிக்கிடோணும் எண்டு சொன்னீர். எந்த ராகு? ஊர் ராகுவோ, இஞ்சத்தை ராகுவோ?"

"ஊர் பாக்கப் போறதுக்கு என்னத்துக்கு ராகு காலம்?" என்று அக்கா என்னைக் கண்ணால் காட்டி அவரை அதட்டினார். அத்தான் சாரத்தை இறுக்கிக்கொண்டு போனார்.

தலைக்கு வைக்க மல்லிகைச் சரம் இருந்தது. தமிழ்க்கடையில் வாங்கி ஐஸ் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். கட்டியாக இருந்ததைத் தலையில் வைத்துக் கொண்டை ஊசியால் குத்தினார் அக்கா. புகையிரதத்தில் ஏறியதும் அது உருகத் தொடங்கியது. போகும் வழி முழுவதும் என் முதுகால் தண்ணீர் ஓடியது. சேலைக்கு மேலே அத்தானுடைய பழைய கோட். அது எனக்குக் கணுக்கால் வரைக்கும் வந்தது. காலில் விளையாட்டுக்காரர் போட்டுக்கொண்டு ஓடுகிற சப்பாத்து. தலையில் கம்பளித் தொப்பி, மல்லிகை அதற்குள்ளே. கண்ணாடியில் பார்த்தபோது அங்கே பெண் என்று ஒன்றும் தெரியவில்லை. கோட் ஒன்று தனியே பிரயாணம் செய்வது போல இருந்தது.

சதுக்கம் பெரியதுதான். ஒழுங்கையால் நடந்து வந்து சட்டென்று வெளியே விட்டது போல இருந்தது. சுற்றிவர ஒடுங்கிய உயர்ந்த வீடுகள், தோளோடு தோள் முட்டிக்கொண்டு. முகப்பெல்லாம் பொன் பூசியிருந்தார்கள். கூரை விளிம்புகளில் கல்லாலான ஆண்களும் பெண்களும் குதிரைகளும் நின்றார்கள். எங்கள் கோயில் கோபுரத்தைப் பிரித்து நீளத்துக்கு அடுக்கி வைத்தது போல. எனக்கு அதில் கண் நிற்கவில்லை. நிலத்தைத்தான் பார்த்தேன். அவ்வளவு பெரிய நிலம், மட்டமாகக் கல் பதித்து, ஒரு பள்ளம் திட்டி இல்லாமல் கிடந்தது. எங்கள் ஊரில் நெல்லையும் மிளகாயையும் காயவிட இடமில்லாமல் ஆட்கள் தார் வீதியில் பரப்பி, பஸ் வரும்போதெல்லாம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இங்கே என்றால் ஒரு கிராமத்து மிளகாய் முழுவதையும் ஒரே நாளில் காயப்போடலாம். இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அக்கா, அந்த ஆட்கள் முன்னால் வாயைத் திறந்து இப்படி ஏதும் சொல்லிப்போடாதே என்பார். அதற்குப் பிறகு எந்த ஆட்கள் என்று நான் கேட்க வேண்டிவரும்.

மதியத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. ஐஸ்கிறீம் டப்பாவில் கொண்டுவந்த ரோல்ஸை நின்றுகொண்டே தின்றோம். அக்கா தின்றுகொண்டே கறுப்புக் கோட்டும் கண்ணாடியும் போட்ட ஆளைத் தேடினார். சதுக்கத்தில் நின்ற எல்லோரும் கறுப்புக் கோட்தான் போட்டிருந்தார்கள். வெள்ளைக்காரரைக் கழித்துப் பார்த்ததில் தூரத்தில் எங்களுடைய நிறத்தில் கண்ணாடி போட்ட ஒருவர் தெரிந்தார். அக்கா அவரைப் பார்த்துச் சிரித்தார். அவரும் சிரித்தார். பிறகு எங்களை நோக்கி வேகமாக நடந்து வந்தார். கையில் ரோசாப் பூக்கள்.

"இஞ்சேருங்கோ, பூவோடை வாறார்!" என்று அக்கா அத்தானின் கையைக் கிள்ளினார். "நல்ல துணிஞ்ச ஆள்."

அத்தான் உற்றுப் பார்த்தார். "துணிஞ்ச ஆள்தான். அதோ அந்தச் சோடிக்கும் ஒரு பூ குடுத்திட்டுத்தான் வாறார்."

அவர் பூ விற்கிறவர். அக்கா சிரித்த சிரிப்புக்கு ஒரு பூவாவது வாங்காமல் அவரை அனுப்ப முடியவில்லை. அத்தான் வாங்கி அதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் தன் சட்டைப் பைக்குள் செருகிக்கொண்டார்.

அதற்குப் பிறகு அக்கா திட்டத்தை மாற்றினார். நாங்கள் அவர்களைத் தேடினால் பிழையாகிப் போகும். அவர்கள் என்னைக் கண்டுபிடிக்கட்டும் என்று நினைத்தார் போல. மணிக்கூட்டுக் கோபுரத்துக்கு முன்னால் ஒரு வெளியான இடத்தில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தி, தொப்பியைக் கழற்றினார். கோட்டையும் கழற்றினார். குளிர் என்னைக் கன்னத்தில் அறைந்தது போல இருந்தது.

"அக்கா, விறைக்குது."

"கொஞ்ச நேரம்தான். கோபுரமும் நீயும் வாற மாதிரி ஒரு படம் எடுக்கப்போறன். தூரத்திலை போய் நிண்டுதான் எடுக்கோணும். நீ ஆடாமல் அசையாமல் உதிலை நில். எங்கையும் தூணைக் கண்டிட்டுப் போய் ஒளிச்சிடாதை."

வெறும் டப்பாவை என் காலடியில் வைத்துவிட்டு, கோட்டைத் தூக்கிக்கொண்டு, அத்தானையும் இழுத்துக்கொண்டு அவர் வளைவுகளுக்குப் பின்னால் மறைந்துபோனார். நான் சிவப்புச் சேலையும், தங்கக் கரையும், ஈர மல்லிகையும், ஓடுகிற சப்பாத்துமாக ஐரோப்பாவின் நடுவில் தனியே நின்றேன்.

எனக்கு வெட்கம் வந்தால் உடம்பு விறைத்துவிடும். கண் கூட வெட்டாது. ஆகவே ஆடாமல் நிற்க எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. சிறிது தள்ளி ஒரு சின்னப் பெட்டியின் மேல் ஒரு மனிதர், முகம், கை, தொப்பி, சப்பாத்து எல்லாம் பொன் நிறமாகப் பூசிக்கொண்டு அசையாமல் நின்றார். அவர் மனிதர் என்பதை நான் முதலில் கவனிக்கவில்லை. அந்த ஊரில் இருந்த மற்றக் கற்சிலைகள் போல ஒன்று என்றுதான் நினைத்தேன்.

வயதான வெள்ளைக்காரி ஒருத்தி என் முன்னால் வந்து நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு குனிந்து என் காலடி டப்பாவுக்குள் ஒரு நாணயத்தைப் போட்டாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் வயது போன ஒரு ஆள் குனிந்து எனக்கு ஒன்றைத் தரும்போது சும்மா நிற்க எனக்குத் தெரியாது. கையெடுத்துக் கும்பிட்டேன். கும்பிட்டுவிட்டு வெட்கத்தில் திரும்பவும் விறைத்துப் போனேன்.

அவள் கைதட்டினாள். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு குழந்தை வந்து நாணயம் போட்டது. கும்பிட்டேன். விறைத்தேன். இன்னொருவர் போட்டார். கும்பிட்டேன். விறைத்தேன். சிறிது நேரத்தில் எனக்கு முன்னால் ஒரு வரிசை நின்றது. பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பெண் என் சேலைக் கரையைத் தொட்டுப் பார்த்து, கல்லா துணியா என்று தன் புருஷனுக்கு விளக்கினாள். காசு போட வேண்டாம் என்று சொல்ல அவர்களுடைய மொழி எனக்குத் தெரியாது. என் மொழியிலேயே எனக்கு அது வராது.

அப்போதுதான் பொன் மனிதர் அசைந்தார். கழுத்தை மட்டும் என் பக்கம் திருப்பி, உதட்டை அசைக்காமல் பல்லுக்குள்ளால் ஏதோ சொன்னார். சிலையாக நின்று காசு சேர்க்கிற அவருக்கு முன்னால் ஒருவரும் இல்லை. கோபிக்கிறார் என்று விளங்கியது. பாவம், அவர் விடிய எழும்பிப் பூசியிருப்பார். நான் மரியாதைக்கு இரண்டு அடி தள்ளி நின்றேன். சிலை நடந்துவிட்டது என்று கூட்டம் ஆரவாரித்தது. வரிசை இன்னும் நீண்டது.

அந்த வரிசையில்தான் அவர்கள் நின்றார்கள். கறுப்புக் கோட், கண்ணாடி, நரைத்த தலை. பக்கத்தில் தங்கை. தங்கை அவரை முதுகில் தள்ளிக்கொண்டிருந்தா. தமிழ் விளங்குகிற ஆள் அங்கே இல்லை என்று நினைத்தாவோ தெரியவில்லை, நல்ல சத்தமாகத்தான் சொன்னா.

"போங்கோ அண்ணை. எல்லாரும் போகினம்தானே. காசைப் போட்டிட்டுக் கிட்ட நிண்டு வடிவாப் பாருங்கோ."

"பொம்பிளை பாக்கிறதுக்குக் காசு போடுறதோ?"

"இந்த நாட்டு முறை அதெண்டால் போடத்தானே வேணும். தள்ளிவிடட்டோ?"

அவர் வந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன. டப்பாவுக்குள் ஒரு நாணயத்தை மெல்ல, சத்தம் கேட்காமல் வைத்தார். நான் கும்பிட்டேன். அவருக்கும் வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. அவரும் கும்பிட்டார். இருவரும் கும்பிட்டபடியே விறைத்து நின்றோம். கூட்டம் இதை மிகவும் ரசித்தது.

"குளிருதோ?" என்று அவர் கேட்டார். உதடு அதிகம் அசையவில்லை.

"ஓம்."

"நான் வந்து…"

"தெரியும்."

"உங்களுக்குத் தெரியாதெண்டெல்லோ சொன்னவை?"

"தெரியாதெண்டுதான் வைச்சிருக்கு."

அவர் சிரித்துவிட்டு, சிரித்ததைத் தங்கை பார்த்தாவோ என்று கடைக்கண்ணால் பார்த்தார். "எனக்கும் தெரியாதெண்டுதான் வைச்சிருக்கு. மணிக்கூடு பாக்கப்போறம் எண்டுதான் தங்கச்சி கூட்டியந்தவா. என்ரை வீட்டிலையே மூண்டு மணிக்கூடு கிடக்கு."

பின்னால் நின்றவர் பொறுமையில்லாமல் எட்டி நாணயம் போட்டார். நான் அவரைக் கும்பிட்டேன். மாப்பிள்ளையும் சேர்ந்து கும்பிட்டார்.

"மல்லாவியோ?" என்றார்.

"ஓம். நீங்கள்?"

"பூநகரி. அங்கை பஸ் ஓடுதோ இப்ப?"

"ஓடும். அதுக்கு மனம் வந்தால் ஓடும்."

"அப்ப மாறேல்லை." அவர் சதுக்கத்தை ஒருதரம் சுற்றிப் பார்த்தார். "நான் முதல் முதல் இதுக்கை வந்து நிண்ட நேரம் என்ன நினைச்சனான் தெரியுமோ? சொன்னால் சிரிப்பியள். இவ்வளவு நிலத்தைச் சும்மா விட்டிருக்கிறாங்கள், நெல்லுக் காயப்போடலாமே எண்டு."

எனக்கு விறைப்பு விட்டது. என்னை அறியாமல் அவருடைய முகத்தை நேரே பார்த்தேன். "வெயில் காணாது" என்றேன். "இந்த வெயிலுக்கு மிளகாய் பூசணம் பிடிக்கும்."

"மிளகாயோ?"

"நான் மில் வைச்சிருக்கிறன்."

"அப்ப அது இப்ப ஆர் பாக்கினம்?"

அவ்வளவு நாளில் ஒருவரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை. அக்கா கேட்கவில்லை, அத்தான் கேட்கவில்லை, சாதகம் பார்த்தவரும் கேட்கவில்லை. "பூட்டிக் கிடக்கு" என்றேன்.

அவர் குனிந்து என் சப்பாத்தைப் பார்த்தார். பிறகு, "உங்களுக்கு இஞ்சை இருக்க விருப்பமோ?" என்று கேட்டார்.

என் தலை ஓம் என்று ஆடத் தயாரானது. அந்த நேரம் பார்த்து யாரோ நாணயம் போட்டார்கள். கும்பிட வேண்டியிருந்தது. கும்பிடுகிறபோது தலையை ஆட்ட முடியாது. ஆகவே வாயால் சொல்ல வேண்டி வந்தது.

"இல்லை" என்றேன்.

சொல்லிவிட்டுப் பயந்துபோனேன். அவர் கோபிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப சிக்கல்தான்" என்றார். "நான் வேண்டாமெண்டு சொன்னால் உங்களுக்குக் குறை. நீங்கள் வேண்டாமெண்டால் எனக்குக் குறை. தங்கச்சி என்னை உயிரோடை விடமாட்டா."

"ஓம்" என்றேன். அக்காவும் அப்படித்தான்.

கோபுரத்தில் ஏதோ கரகரத்தது. மணி அடிக்கத் தொடங்கியது. வரிசை கலைந்து எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். மேலே ஒரு கதவு திறந்து மரப்பொம்மைகள் ஒவ்வொன்றாக வந்து, ஒன்றையொன்று பார்க்காமல், சுற்றிவிட்டு உள்ளே போயின. பொன் மனிதர் இதுதான் சமயம் என்று மூக்கைச் சொறிந்துகொண்டார்.

மணிச் சத்தத்துக்குள் அவர் என் பக்கம் குனிந்து சொன்னார். "நாங்கள் தற்செயலாத்தானே வந்தனாங்கள்?"

"ஓம்."

"தற்செயலா வந்த ஆக்கள் என்னத்துக்கு முடிவு சொல்லோணும்? நான் மணிக்கூடு பாக்க வந்தனான். நீங்கள் ஊர் பாக்க வந்தனியள்."

நான் தூணுக்குப் பின்னால் நின்ற அந்த நாளில் கூட இந்த வழக்கத்தில் இவ்வளவு நன்மை இருக்கிறது என்று நினைத்ததில்லை. அவர் தன்னுடைய கையுறைகளைக் கழற்றி டப்பாவின் விளிம்பில் வைத்துவிட்டு, காசு போட்ட மற்ற எல்லோரையும் போல விலகிப் போனார்.

பொம்மைகள் உள்ளே போய்க் கதவு மூடியதும் நான் டப்பாவைத் தூக்கிக்கொண்டுபோய் அதில் இருந்த நாணயங்கள் முழுவதையும் பொன் மனிதரின் காலடியில் இருந்த காசுத் தட்டுக்குள் கொட்டினேன். அவர் பெட்டியை விட்டு இறங்கி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் உள்ளங்கை முழுவதும் பொன் நிறமாகிவிட்டது. கையுறைகளை மட்டும் வைத்துக்கொண்டேன்.

அக்கா ஓடிவந்தார். முகத்தில் மகிழ்ச்சி. திரும்பும் வழியில் புகையிரதத்தில் பெரிய கஷ்டம் அவருக்கு. என்னிடம் கேட்க வேண்டும். ஆனால் எனக்குத்தான் ஒன்றும் தெரியாதே.

"எப்பிடி, பிடிச்சுதோ?" என்றார்.

"எது அக்கா?"

"சதுக்கம்."

"நல்லாயிருக்கு."

"கொஞ்சம் பழசுதான்" என்றார் அக்கா கவனமாக. "எண்டாலும் பழுதில்லை. குடிவெறி ஒண்டும் இல்லையாம்."

"சதுக்கத்துக்கோ?" என்று கேட்டார் அத்தான்.

"நீங்கள் அந்தப் பூவைப் பிடிச்சுக்கொண்டு பேசாமல் இருங்கோ."

நான் ஜன்னலால் பார்த்துக்கொண்டு சொன்னேன். "நல்ல இடம் அக்கா. ஆனால் நான் ஊருக்குப் போகோணும்." இரண்டாம் முறை சொல்வது அவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை. அக்கா என்னைப் பார்த்தார். பதில் சொன்னால் வேறு ஏதோ நடந்ததாக ஒப்புக்கொள்ள வேண்டிவரும். ஆகவே அவரும் ஜன்னலால் பார்த்தார்.

அதற்குப் பிறகு அக்கா தொலைபேசியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மாப்பிள்ளை பகுதிதான் முதலில் பேச வேண்டும். அங்கே தங்கையும் காத்திருந்திருப்பா. பெண் பகுதிக்குப் பிடித்ததோ தெரியாமல் எப்படி எடுப்பது? கடைசியில் தரகர் எடுத்தார். "மாப்பிள்ளையைக் கேட்டால், எந்தப் பொம்பிளை, நான் மணிக்கூடெல்லோ பாத்தனான் எண்டு சொல்லுறார்" என்றார். என்னைக் கேட்கலாம் என்று அக்கா திரும்பினார். நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. விசா முடிகிற கிழமை அக்கா அலுமாரியைத் திறந்து ரிக்கற்றை எடுத்துத் தந்தார். விமான நிலையத்தில் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். "நீ ஏன் அண்டைக்கு அப்பிடிச் சிலை மாதிரி நிண்டனி?" என்று மட்டும் கேட்டார்.

மில்லின் பட்டி வெடிக்கவில்லை. சைக்கிள் கடைக்காரர் சொன்னபடி ஓடவிட்டிருந்தார்.

அடுத்த வெயில் காலத்தில் ஒரு காலை, மில்லைத் திறந்து கூட்டிக்கொண்டிருந்தேன். வாசலில் யாரோ நின்றார்கள். கண்ணாடி, நரைத்த தலை. கறுப்புக் கோட்டுக்குப் பதிலாகக் கோடு போட்ட சட்டை. கையில் ஒரு பை. காது இரண்டும் சிவந்திருந்தன.

"லீவிலை வந்தனான்" என்றார். "இந்தப் பக்கம் தற்செயலா வந்த இடத்திலை…"

பூநகரியில் இருந்து மல்லாவிக்கு பஸ் மாறித்தான் வரவேண்டும். மாறுகிற பஸ்ஸுக்கு மனம் வரும்வரை வீதியில் நிற்கவும் வேண்டும். பூநகரியிலும் மில் இருக்கிறது. பையை வாங்கித் திறந்து பார்த்தேன். காய்ந்த செத்தல் மிளகாய். ஒரு மிளகாய்க்குக் கூடக் காம்பு முறிக்கவில்லை. இவ்வளவு காலம் ஹோட்டல் குசினியில் நின்ற மனிதருக்கு, காம்பு முறிக்காமல் மில்லுக்குக் கொண்டுவரக் கூடாது என்பது தெரியாமல் இருக்குமா?

"இதை இப்பிடி அரைக்க ஏலாது" என்றேன்.

"ஏலாதோ?"

"இல்லை."

கதிரையை இழுத்துப் போட்டு ஒரு சுளகையும் முன்னால் வைத்தேன். "இருந்து முறியுங்கோ."

அவர் இருந்தார். நான் மற்றப் பக்கத்தில் இருந்து ஒரு பிடி மிளகாயை எடுத்துக்கொண்டேன். அவர் முறித்து முடிக்கும்வரை நான் இயந்திரத்தைப் போடவில்லை.